மந்தித் தட்டைச் சுற்றி ஐந்து பேர்

படிப்பு முடியும் முன்பே பேத்திக்கு வேலை உறுதியாகிவிட்டது. "தாத்தா, இன்னைக்கு என் ட்ரீட்" என்று பெரம்பலூர் நான்கு ரோடு பக்கம் ஒரு குழிமந்திக் கடைக்கு அழைத்துப் போனாள். அவளோடு படிக்கும் இரண்டு பெண்களும் இரண்டு பையன்களும் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார்கள். தரையில் மெத்தை, நடுவில் ஒரு முழ உயர மேசை. கொஞ்ச நேரத்தில் கல்யாண வீட்டுத் தாம்பாளம் அளவுக்கு ஒரு தட்டு வந்தது. மஞ்சளும் வெள்ளையுமாக நீள அரிசிச் சோறு, மேலே கோழி, முந்திரி, திராட்சை. ஓரத்தில் தக்காளிச் சட்னி, மயோனைஸ்.

நான் என் தட்டுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

"இதுலயேதான் தாத்தா, எல்லாரும்" என்றாள் பேத்தி.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது, முட்டி மடங்காது, அளவாகத்தான் சாப்பிட வேண்டும் என்றெல்லாம் சொல்லித் தனித் தட்டு ஒன்று கேட்டு வாங்கினேன். வடகிழக்குப் பக்கத்துப் பையன் ஒருவன் சிரித்துக்கொண்டே கொண்டுவந்து வைத்தான். யாரும் தப்பாக நினைக்கவில்லை. ஐந்து பேரும் ஐந்து பக்கமிருந்து சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார்கள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு, முதலில் எனக்கென்று எடுத்து வைத்த சோற்றைச் சாப்பிட்டேன். சாப்பிடும்போதே, இந்தப் பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகள், எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. ஆனால் வந்தது உண்மை. சர்க்கரை, முட்டி என்று நான் சொன்னதெல்லாம் சாக்கு என்பது வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் எனக்கே புரிந்தது.

நான் நெடுஞ்சாலைத் துறையில் 1977 முதல் 2011 வரை வேலை பார்த்தவன். முக்கால்வாசிச் சர்வீஸ் பெரம்பலூரிலும் அரியலூரிலும்தான். ரோடு இன்ஸ்பெக்டருக்கு மதியச் சாப்பாடு எந்த ஊரில் என்பது அன்றன்று காலையில்தான் தெரியும். அதனால் இந்த இரண்டு ஊர்களின் ஓட்டல்களை நான் அறிந்த அளவுக்கு என் தெருவை அறிந்திருக்க மாட்டேன்.

என் அப்பா கடைசிவரை ஓட்டலில் சாப்பிட்டதில்லை. திருச்சி கோர்ட்டுக்குப் போனாலும் வாழை இலையில் கட்டிய புளிசோறும் தொட்டுக்கொள்ளத் துவையலும் கூடவே போகும். "சோத்தைக் காசுக்கு விக்கிறவன்கிட்ட என்ன சாப்பாடு?" என்பார். இது அவருடைய தனிப்பட்ட பிடிவாதம் இல்லை. பழைய நெடுஞ்சாலைகளில் வழிப்போக்கனுக்கு இருந்தவை சத்திரமும் சாவடியும்தான். ராணி மங்கம்மாள் மதுரையை ஆண்ட 1689 முதல் 1706 வரையான காலத்தில் போட்ட சாலைகளையும் கட்டிய சத்திரங்களையும் இன்றும் தென்மாவட்டங்களில் பெயர் சொல்லிக் காட்டுவார்கள். சத்திரத்தில் அன்னம் தர்மம். விலைக்குக் கிடைத்தது அவல், பொரி, மோர் மாதிரியானவைதான். ஆக்கிய சோற்றுக்கு விலை வைப்பது இழிவு என்ற எண்ணம் மக்களிடம் ஆழமாக ஊறியிருந்தது.

அதை உடைத்தவை காப்பி கிளப்புகள். எங்கள் பக்கம் 1970கள் வரைகூட ஓட்டலைக் 'கிளப் கடை' என்றுதான் சொல்வார்கள். அவற்றைத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் பிராமணர்கள். இதற்கு ஒரு கணக்கு இருந்தது. பிராமணர் சமைத்ததை எல்லாச் சாதியாரும் வாங்கிச் சாப்பிடுவார்கள், மற்றவர் சமைத்தால் அப்படி இல்லை. உடுப்பிக்காரர்கள் இந்தக் கணக்கோடு சுத்தத்தையும் சேர்த்தார்கள். சமையல்கட்டில் எடுபிடியாகத் தொடங்கிய கிருஷ்ண ராவ் 1938ல் சென்னை ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் திறந்த கதை பலருக்கும் தெரிந்திருக்கும்.

ஆனால் சமைத்தவரைப் பற்றிய கவலை தீர்ந்தாலும், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரைப் பற்றிய கவலை தீரவில்லை. பிராமணருக்குத் தனி அறை, மற்றவருக்குத் தனி இடம். பட்டியல் சாதியாருக்கு உள்ளே இடமே இல்லை. தென்னிந்திய ரயில்வேயின் சிற்றுண்டிச் சாலைகளிலேயே 'பிராமணாள்', 'இதராள்' என்று பிரித்து வைத்திருந்தார்கள். பெரியார் இதை எதிர்த்துக் கிளர்ச்சி செய்ய, 1941ல்தான் ரயில்வே அந்தப் பிரிவினையை எடுத்தது. வெளியில் இருந்த ஓட்டல்களின் பெயர்ப் பலகையில் அந்தச் சொல் இன்னும் பல வருஷம் இருந்தது. 1957ல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியார் தொடங்கிய மறியல் மாதக்கணக்கில் நடந்து, நூற்றுக்கணக்கானவர்கள் கைதானார்கள். எனக்கு அப்போது 4 வயது. ஆனால் பிறகு நான் பள்ளிக்கூடம் போகும்போது, எங்கள் பக்கத்து டவுன் கிளப் கடை ஒன்றின் பலகையில் ஒரு சொல் இருந்த இடத்தில் மட்டும் நீலப் பெயின்ட் புதிதாகப் பூசியிருந்தது நினைவிருக்கிறது. அதற்கு அடியில் என்ன எழுதியிருந்தது என்று அப்பாவைக் கேட்டேன். "நமக்கெதுக்கு" என்றார்.

இந்த 'நமக்கெதுக்கு' என்ற வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரம்பலூர் ரோட்டு ஊர், அரியலூர் ரயில் ஊர். இரண்டுக்கும் நடுவில் 30 கிலோமீட்டர்தான், ஆனால் சாப்பாட்டு நேரமே வேறு. பெரம்பலூரில் இன்றுவரை ரயில் நிலையம் கிடையாது. சென்னை - திருச்சி சாலையில் போகும் லாரிக்கும் பஸ்ஸுக்கும் ராத்திரி முழுக்க அடுப்பு எரிந்த ஊர் அது. அரியலூர் விழுப்புரம் - திருச்சி கார்டு லைனில் இருப்பதால், அங்கே ஓட்டல்காரர் ரயில் நேரத்தைப் பார்த்துத்தான் அண்டாவை இறக்குவார்.

அரியலூர் என்றதும் ஒரு தலைமுறைக்கு 1956 நவம்பர் 23தான் நினைவுக்கு வரும். மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய், விடியற்காலையில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். (அரியலூர் மாவட்டம் 2001ல் பிரிந்து, 2002ல் மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்து, கடைசியாகப் பிரிந்த நாளும் நவம்பர் 23தான், 2007ல். தற்செயலாகத்தான் இருக்கும்.)

அதே சாஸ்திரி பிரதமரானபோது நாட்டில் தானியப் பஞ்சம். 1965ல், வாரத்தில் ஒரு வேளை, திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை விட்டுக்கொடுங்கள் என்று கேட்டார். ஓட்டல்களும் திங்கட்கிழமை சாயங்காலம் கதவைச் சாத்தின. எனக்கு 12 வயது. வீட்டில் எல்லோரும் பெருமையாக ஒரு வேளை பட்டினி இருந்தோம், அம்மா மட்டும் எங்களுக்குத் தெரியாமல் தம்பிக்குக் கேழ்வரகு அடை சுட்டுக் கொடுத்தாள். ஆனால் பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்குகிறவர்களுக்கும், லாட்ஜில் தங்கி வேலை பார்க்கிறவர்களுக்கும் ஓட்டல் அடுப்புதான் வீட்டு அடுப்பு. அவர்கள் விரும்பியா பட்டினி இருந்தார்கள்? தியாகத்தில்கூட அடுப்பு வைத்திருக்கிறவன், இல்லாதவன் என்று இரண்டு உண்டு என்பது அப்போது புரியவில்லை.

திங்கட்கிழமை பற்றி இன்னொன்று. இப்போது இரண்டு ஊர் ஓட்டல்களுக்கும் திங்கட்கிழமைதான் நல்ல வியாபாரம். கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள். மனு கொடுக்க வந்தவர்கள் மதியம் ஓட்டலுக்கு வந்தாக வேண்டும். பெரம்பலூர்ப் பக்கம் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலும் திங்கள், வெள்ளி இரண்டே நாள்தான் திறந்திருக்கும், அந்தக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். 1995ல் பெரம்பலூர் மாவட்டமானது அங்குள்ள சாம்பார் வாளிக்கு எவ்வளவு பெரிய செய்தி என்று யாரும் எழுதியதாகத் தெரியவில்லை!

வேலையில் சேர்ந்த புதிதில் எனக்குப் பிடித்தவை மிலிட்டரி ஓட்டல்கள். மதுரை மாவட்டம் திருமங்கலம் பக்கத்தில் உள்ள வடக்கம்பட்டிக்காரர்கள் ஊர் ஊராகத் திறந்த முனியாண்டி விலாஸ்களைத் தெரியாதவர் இருக்க முடியாது. ஓட்டல் முதலாளிகள் வருஷத்துக்கு ஒரு முறை, தை மாதம், ஊருக்குத் திரும்பிப் போய் முனியாண்டி கோயிலில் பிரியாணியைப் பிரசாதமாக எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். மிலிட்டரி ஓட்டலில் நீ யார் என்று கேட்டதில்லை. கேட்டால் வியாபாரம் நடக்காது. ராத்திரிப் பரோட்டாக் கடை இன்னும் ஒரு படி மேல். கல்லில் பரோட்டாவைக் கொத்துகிற சத்தம், வாளியில் சால்னா, நீளமான ஒரே பெஞ்சு. லாரி டிரைவர், கிளீனர், சினிமா விட்டு வந்தவர்கள், நான் என எல்லோரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சாப்பிடுவோம். 1950ல் வந்த அரசியல் சட்டம், ஓட்டலுக்குள் போகச் சாதியைக் காரணம் காட்டித் தடுக்கக் கூடாது என்றது. அதை எங்கள் ஊரில் நடைமுறைப்படுத்தியதில் பரோட்டா மாஸ்டருக்கும் பங்கு உண்டு.

ஆனால் அது டவுனில். டவுனில் யாரையும் யாருக்கும் தெரியாது. கிராமத்து டீக்கடையில் எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும்.

1978 கோடையில் ஒரு கிளைச் சாலையில் செப்பனிடும் வேலை. ஊர்ப் பெயர் வேண்டாம். என் கேங்கில் எட்டுப் பேர், அதில் ஆறு பேர் காலனியிலிருந்து வந்தவர்கள். சாலையோரம் கீற்றுப் பந்தல் போட்ட டீக்கடை. எனக்கு பெஞ்சில் இடம், கண்ணாடி கிளாசில் டீ. அந்த ஆறு பேருக்கும் பந்தக்காலில் ஆணியில் மாட்டியிருந்த அலுமினிய டம்ளர்கள். அவர்களே எடுத்து, உயரத்திலிருந்து ஊற்றுகிற டீயை வாங்கி, மண்ணில் குந்திக் குடித்து, அவர்களே கழுவி மாட்ட வேண்டும். எல்லோருக்கும் விலை ஒன்றுதான், 20 காசு.

கேங்கில் மூத்தவர் என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். ஒரு நாள் தார் டின்னுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மெதுவாகக் கேட்டார். "சார், நீங்க ஆபீசர். நீங்க சொன்னா அவன் கேப்பான். எங்களுக்கும் கிளாஸ்ல குடுக்கச் சொல்லுங்களேன்."

எனக்குச் சட்டம் தெரியும். 1955ல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், ஓட்டலுக்குள் வராமல் தடுப்பதை மட்டுமல்ல, அங்கே பொதுவாக வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதையும் தனிக் குற்றமாகச் சொல்கிறது. சட்டம் எழுதியவர்கள் அந்த ஆணியில் தொங்கிய டம்ளரைப் பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும். 1976ல் அதைத் திருத்தி, தண்டனையைக் கடுமையாக்கி, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். துறைத் தேர்வுக்குப் படித்தபோது இதெல்லாம் படித்தேன்.

நான் சொன்னது இதுதான்: "இன்னும் நாலு நாள் வேலைதானே. முடிச்சிட்டுப் போயிடுவோம். ஊர் வம்பு நமக்கெதுக்கு?"

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாளிலிருந்து அவர் அந்தக் கடைப் பக்கம் வரவில்லை. தூக்குவாளியில் கூழ் கொண்டுவந்து புளியமரத்தடியில் குடித்தார். மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள். நானும் போனேன், பெஞ்சில் உட்கார்ந்து கிளாசில் குடித்தேன். நாலு நாளும்.

அதற்கு ஐந்து வருஷம் கழித்து லப்பைக்குடிக்காட்டில் ஒரு கல்யாணம். வெள்ளாற்றங்கரையில் உள்ள அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருப்பார். ஜல்லி சப்ளை செய்தவர் தன் மகள் கல்யாணத்துக்கு ஆபீஸ் ஆட்களோடு கேங்கையும் சேர்த்து அழைத்திருந்தார். அங்கே 'சஹன்' சாப்பாடு. பெரிய தட்டில் நெய்ச்சோறும் கறியும் வைத்து, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவது தமிழ் முஸ்லிம் கல்யாணங்களில் பழைய வழக்கம். எங்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று வீட்டுக்காரரே மரியாதையாகத் தனியாக வாழை இலை போட்டிருந்தார். ஆபீஸ்காரர்கள் எல்லோரும் அதில் உட்கார்ந்தோம். கேங்கின் மூத்தவரை மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் "வாங்க பாய், இங்க ஒரு ஆள் குறையுது" என்று கையைப் பிடித்து இழுத்துத் தன் தட்டில் உட்கார வைத்தார். ஒரு நிமிஷம் அவர் கை தட்டுக்கு மேலேயே நின்றது. பிறகு சாப்பிட்டார். அந்தப் பெரியவர் கறித்துண்டைப் பிய்த்துப் பிய்த்து அவர் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். என் இலையில் ஏழெட்டு வகை இருந்தும் நான் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று மந்தி அரபு நாட்டிலிருந்து கேரளா வழியாக வந்த புதுச் சாப்பாடு என்கிறார்கள். பண்டத்தைப் பொறுத்தவரை சரிதான். ஏமனில் ஹத்ரமாவ்த் பக்கத்துச் சமையல் அது, குழிக்குள் கறியையும் சோற்றையும் வைத்து மூடி வேகவைப்பது. ஆனால் ஒரே தட்டு எங்கள் மாவட்டத்துக்குப் புதிதில்லை. வெள்ளாற்றங்கரையில் எப்போதோ இருந்தது. நாங்கள்தான் இலை போட்டு உட்கார்ந்தோம்.

பெண்கள் ஓட்டலுக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1981ல் கல்யாணமான புதிதில் மனைவியை அரியலூரில் ஒரு ஓட்டலுக்கு அழைத்துப் போனேன். 'பேமிலி ரூம்' என்று திரை போட்ட ஒரு தடுப்பு. அதில் உட்கார்ந்து நெய் ரோஸ்ட் சாப்பிட்டாள். தோசை எப்படி என்றதற்கு, "திரையில சாம்பார் வாசனை" என்றாள். என் அம்மா அந்தத் திரைக்குப் பின்னால்கூட வந்ததில்லை. இப்போது சனிக்கிழமை ராத்திரி பெரம்பலூர் ஓட்டல்களில் பாதி மேசை பெண்களுடையது. கல்லூரிப் பிள்ளைகள், ஆஸ்பத்திரி நர்சுகள், ஆசிரியைகள் ஆண் துணையில்லாமல் வந்து, மெனு கார்டைப் பார்த்து அவர்களே சொல்கிறார்கள். நான் கண்ட மாற்றங்களில் பெரியது எது என்று கேட்டால் ஷவர்மா இல்லை, இதுதான்.

நாலுவழிச் சாலை வந்ததும் டவுனுக்குள் இருந்த ராத்திரி ஓட்டல்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. வண்டிகள் ஊருக்குள் வர வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. சாலைக்காரன் நான் போட உதவிய ரோட்டாலேயே எனக்குப் பிடித்த பரோட்டாக் கடை மூடியது. சாலையோரம் பெரிய பெரிய சைவ ஓட்டல்களும், பித்தளை டபரா செட்டோடு 'கும்பகோணம் டிகிரி காபி' கடைகளும் வரிசையாக முளைத்தன. கும்பகோணத்தையே பார்க்காத கும்பகோணம் காபியும் அதில் உண்டு. அரியலூர்ப் பக்கம் வேறு மாதிரி. 1979ல் அரசு சிமென்ட் ஆலை, பிறகு தனியார் ஆலைகள் வரிசையாக வந்தன. லாரிகளும் வடநாட்டுத் தொழிலாளர்களும் வந்தார்கள், சப்பாத்தியும் தாலும் வந்தன. இன்று நம் ஊர் ஓட்டலில் தோசை ஊற்றுகிறவரும் பல இடங்களில் வடக்கேயிருந்து வந்தவர்தான். அவர் யார், என்ன ஆள் என்று சாப்பிடுகிறவர் யாரும் கேட்பதில்லை. காப்பி கிளப் எந்தக் கணக்கில் தொடங்கியதோ அந்தக் கணக்கு சத்தமில்லாமல் செத்துவிட்டது.

குவளை மட்டும் அவ்வளவு சுலபமாகச் சாகவில்லை. ஆணியில் தொங்கிய டம்ளர்கள் போராட்டங்களாலும் வழக்குகளாலும் மெல்ல மறைந்தன. அந்த இடத்தில் பிளாஸ்டிக் கப்பும் பேப்பர் கப்பும் வந்தபோது நல்லதுதானே என்று நினைத்தேன். சில கடைகளில் பார்த்தால் ஊர்க்காரருக்குக் கண்ணாடி கிளாஸ், காலனிக்காரருக்குப் பேப்பர் கப். கேட்டால் "சுத்தம் சார்" என்பார்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தடை செய்யப்பட்டது. பிளாஸ்டிக் பூசிய கப்பும் அதில் சேர்ந்தது. இலையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் போய் வாழை இலை திரும்பியது என்று எல்லோரும் எழுதினார்கள். எனக்கு அந்தக் கப் போனதுதான் பெரிதாகப் பட்டது. முழுக்கப் போய்விடவில்லை, அது வேறு விஷயம்.

ஓய்வு பெற்ற மறுவருஷம் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஓட்டலில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிர் மேசையிலிருந்து எழுந்து வந்தவரை முதலில் அடையாளம் தெரியவில்லை. வெள்ளைச் சட்டை, கண்ணாடி. கேங்கின் மூத்தவர்! மகனுக்கு மின்வாரியத்தில் வேலை, பேரன் டிப்ளமா படிக்கிறான் என்றார். பழைய ஆட்களைப் பற்றி, முட்டி வலியைப் பற்றிப் பேசினோம். 1978ஐப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன். "அந்த டீக்கடை..." என்று ஆரம்பித்ததும், "அங்க இப்ப செல்போன் கடை இருக்கு சார்" என்று சொல்லி முடித்துவிட்டார். அவருக்குப் புரிந்துதான் சொன்னாரா, புரியாமல் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காபி முடித்துக் கல்லாவுக்குப் போனால், "அந்தப் பெரியவர் ரெண்டு பேருக்கும் குடுத்துட்டார் சார்" என்றார் கல்லாக்காரர். திரும்பிப் பார்த்தேன். அவர் பஸ் ஏறப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. மூன்று வருஷம் கழித்துச் செய்திதான் வந்தது.

இப்போதைய பண்டங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பேத்தி கோபித்துக்கொள்வாள். பெரம்பலூர் மாவட்டத்தில் எங்கு பார்த்தாலும் மக்காச்சோளம். நாம் அதைச் சாப்பிடுவதில்லை, கோழித் தீவனத்துக்குப் போகிறது. தீவனம் கோழியாகி, கோழி கிரில் கம்பியில் ஏறி நம் ஊருக்கே திரும்பி வருகிறது. ஒரு காலத்தில் ஏழை வீட்டுச் சாப்பாடாக இருந்த வரகும் கம்பும் 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு ஓட்டல் மெனுவில் ஏறிவிட்டன. வரகுப் பொங்கலுக்குச் சாதாரணப் பொங்கலைவிடக் கூட விலை. தூக்குவாளியில் கூழ் கொண்டுவந்தவர் இருந்திருந்தால் சிரித்திருப்பார். ஷவர்மா எனக்குப் பிடிக்கும், ஆனால் கூட்டம் இருக்கும் கடையில், கறி சூடாக வெட்டப்படும்போது மட்டும். 2025 ஏப்ரலில் பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்கு அரசு ஓராண்டுத் தடை போட்டது சரியான காரியம். நம் வெயிலுக்கு அது ஆகாது.

போன ஞாயிற்றுக்கிழமை அதே மந்திக் கடைக்கு மறுபடி போனோம். அந்த ஐந்து பேரும்தான். வடகிழக்குப் பையன் என்னை ஞாபகம் வைத்திருந்தான். "தாத்தா பிளேட்?" என்று கேட்டுக்கொண்டே ஒரு தட்டை எடுத்தான். வேண்டாம் என்றேன். முட்டிக்காக ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டார்கள். பேத்தி நகர்ந்து இடம் விட்டாள். சோறு நன்றாகத்தான் இருந்தது, எனக்கு எண்ணெய் கொஞ்சம் அதிகம். எதிரில் இருந்த பையன் தொடைக் கறியைப் பிய்த்து, "சாப்பிடுங்க தாத்தா" என்று என் பக்கம் தள்ளினான். அவன் எந்த ஊர் என்று இன்னும் எனக்குத் தெரியாது.

பில் 1,140 ரூபாய். இந்தத் தடவை நான் கொடுத்தேன்.